இறக்கத்தில் மட்டும் வரும் அரிப்பு

ஸ்டீயரிங்கில் ஒரு கைதான் இருந்தது.

இன்னொரு கை எங்கே என்று பார்த்தேன். அது சட்டைக் கைக்குள் புகுந்து, முழங்கைக்கு மேலே வறக் வறக்கென்று சொறிந்துகொண்டிருந்தது. பின்னால் முட்டைக்கோஸும் காரட்டுமாக முழு லோடு. முன்னால் கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம்... ஒன்றுமே இல்லை. வெறும் பனிமூட்டம்.

"டேய் முருகேசா! கை!"

நான் போட்ட சத்தத்தில்தான் அவனுக்கு நினைவு திரும்பியது. இரண்டு கையாலும் ஒடித்தான். பின்சக்கரம் சாலையோரக் கல்லை உரசிக்கொண்டே திரும்பியது. அந்த உரசலை நான் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டேன். மேலே ஏறி வந்த கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, எங்கள் இருவரையும் பெற்றவர்கள் வரை விசாரித்துவிட்டுப் போனார். தப்பு சொல்ல முடியுமா?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில், சில மாதம் முன்பு நடந்தது இது. மீதி வளைவுகளை எப்படிக் கடந்தோம் என்று கேட்காதீர்கள். நான் ஒரு கையை ஸ்டீயரிங் பக்கத்திலேயே நீட்டி வைத்துக்கொண்டு வந்தேன்.

வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. மூட்டை தூக்கினேன். கிளீனர் ஆனேன். டிரைவர் ஆனேன். இன்றைக்கு மூன்று லாரிக்கு முதலாளி. கோத்தகிரிப் பக்கம் மண்ணுக்கு மேலே விளைகிற காயானாலும் சரி, கீழே விளைகிற கிழங்கானாலும் சரி, என் வண்டியில் ஏறாமல் மலை இறங்கியதில்லை. என் எழுத்துப் பிழையைப் பத்திரிகை ஆபீசில் திருத்திக்கொள்கிறார்கள். விஷயத்தில் பிழை கண்டுபிடிக்க இதுவரை ஆள் பிறக்கவில்லை.

முருகேசன் என் மூத்த லாரியின் டிரைவர். தங்கமான கை. குடிக்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான். முன்னால் வண்டி நின்றால் ஹாரன் அடிக்கக்கூடக் கூச்சப்படுவான். போன வருஷம் அவனுக்குக் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாளில் இந்த அரிப்பு வந்தது.

அரிப்பு என்றால் என்ன நினைப்போம்? தடிப்பு இருக்கும், கொப்புளம் இருக்கும், படை இருக்கும். இவன் கையில் ஒன்றும் கிடையாது. சொறிந்த நகக்கோடுகள்தான். சில நாள் ரத்தம் கசிந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

எனக்குத் தெரியாத வைத்தியமா? முதலில் காய்கறிக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் என்று முடிவு செய்தேன். சாக்கையெல்லாம் மாற்றினேன். பிறகு காஞ்சொறிச் செடி எங்கேயாவது உரசியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் சொறி சிரங்காக இருந்தால்? லோடு ஏற்றுகிற ஆட்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி லோஷன் பூச வைத்தேன். அவர்கள் எனக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பதை அச்சில் போட மாட்டார்கள். கடைசியில் லாரியின் கேபினையே பினாயில் போட்டுக் கழுவினேன். சீட் உறை புதுசு. கால்மிதி புதுசு.

"வண்டிய மட்டும் கழுவுனாப் போதுமாக்கும்? பக்கத்துல உக்கார்ற ஆளையும் ஒருக்கா கழுவிப் பாக்கறது" என்றாள் என் வீட்டுக்காரி.

அவள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்?

ஆனால் அன்றைக்கு அந்தக் கல்லில் சக்கரம் உரசிய பிறகு, விளையாட்டெல்லாம் முடிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கியதும் முருகேசனிடம் சாவியை வாங்கிக்கொண்டேன். வேறு டிரைவரை வைத்து வண்டியை மேலே ஏற்றி, அன்றைக்கு நானும் அதிலேயே ஊர் திரும்பினேன். முருகேசன் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அதே கையால் சொறிந்தான்.

மறுநாள் காலையில் அவன் மனைவி சாந்தி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, சாவிய வாங்கிட்டீங்களாமா?"

"ஆமா. கை ஸ்டீயரிங்குல நிக்க மாட்டேங்குது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீதான வந்து எஞ்சட்டயப் புடிப்பே?"

"நீங்க எறக்கி உட்டுட்டீங்கன்னு தெரிஞ்சா, வேற ஆரு இவரு கையில வண்டி குடுப்பாங்க? ஸ்டாண்டுல ஒருத்தரு கூப்புட மாட்டாங்ணா."

உண்மைதான். எங்கள் மலையில் டிரைவருக்கு லைசென்ஸைவிடப் பெரிய விஷயம் பேச்சு. 'அவன் கை சரியில்லையாம்' என்று ஒரு டீக்கடையில் ஒருத்தன் சொன்னால் போதும். பொழுது சாய்வதற்குள் குன்னூர் வரைக்கும் போய்ச் சேரும். அப்புறம் அவன் வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான். முருகேசனுக்கு வேறு என்ன பிழைப்பு தெரியும்?

"ஊட்டுல இருக்கறப்ப சொறியறதே இல்லீங்ணா" என்றாள் சாந்தி. "கொழந்தயத் தூக்கிட்டு மணிக்கணக்கா நடப்பாரு, கை அந்தப் பக்கமே போகாது. உங்க வண்டிலதான் என்னமோ இருக்குது."

என் வண்டியிலா? பினாயில் போட்ட வண்டியிலா? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "சரி, பெரிய டாக்டர்கிட்டயே காட்டலாம். அவங்க வண்டி ஓட்டலாம்னு சொன்னா சாவி. இல்லாட்டி இல்ல. சம்மதமா?"

அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டர் அம்மா. என் பேத்தி வயதுதான் இருக்கும். ரத்தம், கல்லீரல், கிட்னி, தைராய்டு, சர்க்கரை... ஒன்று பாக்கியில்லாமல் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். லென்ஸ் வைத்து விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். கடைசியில் எல்லாம் நார்மல் என்றார்.

"அப்புறம் எதுக்கு டாக்டர் அரிக்குது? நடிக்கறானா?"

"நடிக்கலைங்க ஐயா. அவருக்கு அரிக்கறது நிஜம்." அப்புறம் என்னை விட்டுவிட்டு முருகேசன் பக்கம் திரும்பினார். "எப்பப்ப அரிக்குது?"

"வண்டி ஓட்டறப்பங்க."

"எப்ப ஓட்டினாலுமா?"

முருகேசன் யோசித்தான். "எறக்கத்துலங்க."

"ஏத்தத்துல?"

"இல்லீங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எனக்கே தெரியாது. அதே வண்டி, அதே சீட், அதே ரோடு. மேலே போகும்போது அரிக்காமல், கீழே வரும்போது மட்டும் அரிக்குமா?

"மேல போறப்ப கூட யாரு இருப்பாங்க?"

"ஆரும் இல்லீங்க. காலி வண்டி. நான் மட்டுந்தான்."

"கீழ வர்றப்ப?"

முருகேசன் தரையைப் பார்த்தான்.

"நான்தான்!" என்றேன். "லோடு இறங்கற அன்னிக்கெல்லாம் நானே கூட உக்காந்து வருவேன் டாக்டர். மண்டியில வெல பேசறதுக்கு என்னைய உட்டா ஆளில்ல. மேட்டுப்பாளையத்துல சம்பந்தி வீடு இருக்குது. ராத்திரி அங்க தங்கிட்டு, காலைல ஊருக்குப் பஸ் ஏறிருவேன்."

"வழியில என்ன பேசுவீங்க?"

நல்ல கேள்வி! என்னிடம் இதைக் கேட்டால் விடுவேனா? சாலைத்துறை அந்த வளைவுகளுக்கெல்லாம் நம்பர் போட்டு வைத்திருக்கிறது. பழைய டிரைவர்கள் நாங்கள் நம்பரைப் பார்ப்பதில்லை. எந்த வளைவில் என்ன கவிழ்ந்ததோ அதுதான் அந்த வளைவுக்குப் பேர். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என்னிடம் வேலைக்கு வருகிறவனுக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு தடவை அல்ல... ஒவ்வொரு இறக்கத்திலும், ஒவ்வொரு வளைவிலும்.

டாக்டருக்கும் சொன்னேன். "மொத வளைவு உருளைக்கிழங்கு வளைவுங்க. பிரேக் புடிக்காம லோடோட போனான் ஒருத்தன். ஒரு வாரம் பள்ளத்துல கெழங்கு பொறுக்குனாங்க சனங்க. அடுத்தது பூசாரி வளைவு. கோயிலுக்குப் போன வேனு. அதுக்குக் கீழ இருக்கறது கிளீனர் வளைவு. அதுதான் டாக்டர் பெரிய கத. லாரி பின்னால நழுவுது. கிளீனர் பையன் சக்கரத்துக்குக் கல்லு வெக்கக் குதிச்சான். கல்லு வெச்சான். வண்டி நிக்கல. அவனுக்குக் கல்யாணமாயி ஒரு கைக்கொழந்த. இன்னிக்கு வரைக்கும் அந்தப் புள்ளைக்கு அப்பன் மொகம் எப்படி இருக்கும்னே..."

டாக்டர் கையை உயர்த்தினார். பேனாவால் என் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

முருகேசன் சொறிந்துகொண்டிருந்தான்.

அங்கே லாரி இல்லை. சாக்கு இல்லை. மருந்தடித்த காரட் இல்லை. ஏசி போட்ட அறை. சுவரில் ஒரு குழந்தைப் படம். அவன் கண் எங்கேயோ இருக்க, நகம் மட்டும் சட்டைக் கைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தான் சொறிவதே அவனுக்குத் தெரியவில்லை.



"இந்தக் கதையெல்லாம் எத்தனை வருஷமா கேக்கறீங்க?" என்று டாக்டர் அவனிடம் மெதுவாகக் கேட்டார்.

"வேலைக்குச் சேந்ததுலருந்துங்க."

"அப்பல்லாம் அரிக்கலையே?"

"இல்லீங்க. அப்ப அது கதையாட்டத்தான் இருந்துச்சு." கையைச் சட்டைக் கைக்குள்ளிருந்து வெளியே எடுத்தான். "பாப்பா பொறந்தப்புறம் அப்படி இல்லீங்க."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அது பயமுறுத்தறதுக்கு இல்ல டாக்டர். தெனமும் சொன்னாத்தான் பயம் இருக்கும். பயம் இருந்தாத்தான் கவனம் இருக்கும்."

"பயம் நல்லாவே இருக்குதுங்க ஐயா. கவனம்தான் ரோட்டை விட்டுட்டுக் கைக்குப் போயிருச்சு."

பேத்தி வயசு என்று சொன்னேன் அல்லவா? வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். என் சரித்திரத்தில் அது அதிகம் நடப்பதில்லை.

அப்புறம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் சொல்கிறேன். பயந்தால் வயிற்றைக் கலக்குகிறது இல்லையா? வயிற்றில் நோயா இருக்கிறது? கலக்கல் பொய்யா? அது மாதிரிதான் சிலருக்குத் தோலும். மனசுக்குள் அடக்கி வைத்த பதற்றம் தோலில் அரிப்பாக வரலாம். சொறிந்தால் அந்த நிமிஷத்துக்குச் சுகம். சொறியச் சொறியத் தோல் புண்ணாகி இன்னும் அரிக்கும். அரிப்பு எங்கே வந்துவிடுமோ என்கிற கவலையிலேயே அரிப்பு வந்து நிற்கும். ஒரு வட்டம். எல்லா அரிப்பும் இப்படியில்லை. அதனால்தான் முதலில் அத்தனை டெஸ்டும் எடுத்தாராம். தோலுக்குக் களிம்பு தருகிறேன், மனநல டாக்டரையும் ஒரு தடவை பாருங்கள் என்றார்.

"மனநல டாக்டர்" என்றதும் முருகேசன் முகம் செத்துப்போனது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு முன்னால் அவன் என்னைத் தொட்டதே இல்லை.

"மொதலாளி, அங்க போனா பைத்தியம்னுருவாங்க. ஸ்டாண்டுல தெரிஞ்சா முடிஞ்சுது மொதலாளி."

"ஸ்டாண்டுல ஆரு சொல்லப்போறா?"

அவன் என் வாயைத்தான் பார்த்தான்.

சொல்லவில்லை ஐயா! யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேனே என்று கேட்பீர்கள். முருகேசனைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவன் பேரும் முருகேசன் இல்லை.

மனநல டாக்டர் நாலைந்து முறை கூப்பிட்டுப் பேசினார். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். அரிக்கும்போது சொறியாமல் உள்ளங்கையை வைத்து அழுத்தப் பழக்கினார். மூச்சு விடப் பழக்கினார். ஒரு மாத்திரையும் கொடுத்து, அது தூக்கம் வரவைக்கிறதா என்று பார்க்கிற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது என்றார். கடைசியில் ஓட்டலாம் என்றும் சொன்னார். ஆனால் ஒரு கண்டிஷன். கொஞ்ச நாளைக்கு இறக்கத்தில் தனியாக ஓட்டட்டும். பெரியவர் கூட உட்கார வேண்டாம்.

பெரியவர் யார்? நான்தான்.

என் வண்டி. என் லோடு. என் ரோடு. நான் உட்காரக் கூடாதா? இரண்டு நாள் மனசு ஆறவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் ஒரு யோசனை வந்தது. பேச்சுத்தானே பிரச்சினை? பேசாமல் உட்கார்ந்து வந்தால் போச்சு! டாக்டருக்கு இந்த யோசனை தோன்றாதது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

லோடு ஏற்றி முடித்து, முருகேசன் ஸ்டார்ட் செய்தபோது மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்கிற ஆளா அவன்?

மத்தியானமே மூட்டம் இறங்கிவிட்டிருந்தது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது. இரண்டாவது கியர். இன்ஜின் உறுமல். வைப்பர் சத்தம். என் வாய் பூட்டு.

உருளைக்கிழங்கு வளைவு வந்தது. நான் பேசவில்லை. அவன் தோள் லேசாக மேலே ஏறியது. வளைவு முடிந்தும் அது இறங்கவில்லை.

பூசாரி வளைவு. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, அந்த உள்ளங்கையால் வலது கையை ஒரு அழுத்து அழுத்தினான், டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி. உடனே ஸ்டீயரிங்குக்குத் திரும்பினான். நல்லது என்று நினைத்தேன். ஆனால் அவன் உதடு முணுமுணுப்பது தெரிந்தது.

என்ன முணுமுணுக்கிறான்? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் கதை. என் வார்த்தை. நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் நீட்டுகிற இடத்தில் நீட்டி...

கிளீனர் வளைவுக்கு முன்னால் கீழேயிருந்து ஒரு பஸ் ஏறுகிற சத்தம் கேட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். மூட்டத்தில் பஸ் தெரியவில்லை. முருகேசனின் கை ஸ்டீயரிங்கை விட்டது.

கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் இன்னும் கெட்டுப் போகுமோ? கத்தாவிட்டால்? அந்த ஒரு நொடியில் எனக்கு எந்த வைத்தியமும் தெரியவில்லை. என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

வண்டி நின்றது.

பிரேக்கைப் போட்டவன் அவன்தான். சாலை அகலமாக இருந்த இடமாகப் பார்த்து, பாறையோரம் அணைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தியிருந்தான். பஸ் எங்களைத் தாண்டி மேலே போனது. அவன் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணுமே பேசலியேடா" என்றேன்.

"நீங்க பேசாட்டியும் எனக்குக் கேக்குது மொதலாளி."



அவன் இன்னும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க எறங்கிப் பஸ்ஸுல வாங்க மொதலாளி. லோடு நான் கொண்டு சேத்தறேன்."

இத்தனை வருஷத்தில் என்னை இறங்கச் சொன்ன முதல் ஆள் அவன். அதுவும் என் வண்டியிலிருந்து! இன்னொருத்தன் சொல்லியிருந்தால் அங்கேயே சாவியைப் பிடுங்கியிருப்பேன். சாவி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இறங்கினேன்.

கதவைச் சாத்தினேன். அவன் கண்ணாடியில் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக எடுத்தான். பின்விளக்கு மூட்டத்துக்குள் போனது. நான் சாலையோரத்தில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கிளீனர் வளைவில் இன்ஜின் சத்தம் தணிந்தது... பிறகு அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டது. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் சத்தம் தணிந்து, மறுபடி எழுந்து, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அத்தனை சீராக அந்த வண்டி இறங்கி நான் கேட்டதில்லை. எப்படிக் கேட்டிருப்பேன்? உள்ளே நான் பேசிக்கொண்டல்லவா இருந்தேன்!

பிறகு மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஏனுங்க, லாரி வெச்சிருக்கற மொதலாளி ரோட்டுல நிக்கறீங்க? உங்க வண்டியே உங்கள எறக்கி உட்டுருச்சா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

"ஆமாங்க" என்றேன். அவர் அதை நம்பவில்லை.

மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரி நின்றுகொண்டிருந்தது. லோடு பாதி இறங்கியிருந்தது. முருகேசன் டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் அவன் சட்டைக் கையைத்தான் பார்த்தேன். ரத்தக் கறை இல்லை. சாவி அவன் பையில் இருந்தது. நான் கேட்கவில்லை.

அரிப்பு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் வருகிறதாம். உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்கிறானாம். போகப் போகக் குறையும், அவசரப்படாதீர்கள் என்று மனநல டாக்டர் சொல்லியிருக்கிறார். சாந்தி இப்போது என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். குழந்தைக்கு என்னைக் காட்டி, "பஸ் தாத்தா" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

நோய் இல்லையென்றால் அவஸ்தையும் பொய்தான் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது காரணமில்லாமல் சொறிந்துகொண்டிருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே, அவர்கள் யார் பக்கத்தில் இருக்கும்போது சொறிகிறார்கள் என்றும் ஒரு தடவை பாருங்கள்.

லோடு இறங்குகிற நாளில் இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் போகிறேன். டிரைவருக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருந்தாலும், பின்னால் போய்த்தான் உட்காருகிறேன்.